எந்த எபிசோட், எந்தக் காட்சி?

சின்னத்திரைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. அடுத்த வாரம் கதை எப்படிப் போகும் என்று கேட்டவர்கள் குறைவு. கதையைப் பேசப்போய் மூண்ட சண்டையை எப்படி அணைப்பது என்று கேட்டவர்களே அதிகம். அதனால் வழக்கமான கிசுகிசுக் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பதினெட்டுப் பேர். வாரக் கூட்டத்தில் தவணை கட்டி, நோட்டில் எழுதி முடித்ததும் சீரியல் பேச்சுதான். ஒரு தொடரில் மருமகள் வீட்டை விட்டு வெளியேறினாள். அது சரி என்று பாதிப் பேர், தப்பு என்று பாதிப் பேர். கடைசியில் ஒருவர், 'நீங்க மாமியாராச்சே, அப்படித்தான் பேசுவீங்க' என்று சொல்லிவிட்டார். இரண்டு பேர் ஒரு மாதமாகக் கூட்டத்துக்கே வரவில்லை. சீரியல் பேச்சையே நிறுத்திவிடலாமா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: நிறுத்த வேண்டாம். பேச்சில் தப்பில்லை, பேசிய பொருள் நடுவில் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

'அந்த மருமகள் பண்ணது தப்பு' என்ற ஒரு வரிக்குள் நாலு வேறு புகார்கள் இருக்கலாம். பாத்திரம் செய்த காரியம் தப்பு என்பது ஒன்று. நேற்றுவரை பொறுமையாக இருந்தவளைக் காரணமே காட்டாமல் பெட்டியைத் தூக்கவைத்த கதை எழுத்து தப்பு என்பது இன்னொன்று. நடித்தவர் அந்தக் கோபத்தைச் சரியாகக் கொண்டுவரவில்லை என்பது மூன்றாவது. இதையெல்லாம் ரசிக்கிற உன் புத்தி சரியில்லை என்பது நாலாவது. முதல் மூன்றையும் விடியும்வரை பேசலாம். நாலாவது வாயைத் திறந்ததும் சீரியல் முடிந்து குடும்பச் சண்டை ஆரம்பமாகிவிடும். உங்கள் கூட்டத்தில் ஒருவர் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டிருப்பார், இன்னொருவர் எழுத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருப்பார். இருவரும் ஒன்றையே பேசுவதாக நினைத்துக் குரலை உயர்த்த, மூன்றாவது ஆள் நாலாவதற்குத் தாவியிருப்பார்.

இனிமேல் பேச்சை எடுப்பவர் முதலில் கிழமையையும் காட்சியையும் சொல்லட்டும். 'புதன்கிழமை எபிசோட், சாவிக்கொத்தை மேசையில் வைக்கிற காட்சி' என்பதுபோல. அடுத்து, பேசப்போவது பாத்திரத்தையா, எழுத்தையா, நடிப்பையா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். எதிர்த்துப் பேசுகிறவர், 'நீங்க சொல்றது இதுதானேக்கா?' என்று அவர் கருத்தைத் திருப்பிச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு தன் பதிலைத் தொடங்கட்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பதினெட்டுப் பேரும் பேசினால் முப்பத்தாறு நிமிடம் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். எந்த வாரமும் ஆறேழு பேருக்குமேல் பேசமாட்டார்கள்.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். புரொமோவை வைத்து வழக்குப் போடாதீர்கள். அரை நிமிடப் புரொமோவில் ஒரு காட்சியின் அழுகையையும் வேறொரு காட்சியின் வசனத்தையும் ஒட்டியிருப்பார்கள். எபிசோடில் அந்த வசனம் வேறு ஆளைப் பார்த்துச் சொன்னதாக இருக்கும். பாதிச் சண்டைகள் எபிசோட் வந்ததும் அர்த்தமில்லாமல் போவதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, தினசரித் தொடர் முழுக் கதையையும் எழுதி வைத்துக்கொண்டு எடுப்பதில்லை. படப்பிடிப்பு நடக்க நடக்கத்தான் காட்சிகள் எழுதப்படுகின்றன. நடிகையின் கால்ஷீட் கிடைக்காத வாரத்தில் பாத்திரம் 'அம்மா வீட்டுக்குப் போயிருக்கா' என்று காணாமல் போகும். அதற்குப் பாத்திரத்தின் குணத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

வராமல் இருக்கும் இருவரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னவரே நேரில் போகட்டும். 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று தொடங்கினால் தப்பு கேட்டவர் தலையில் விழும். 'சீரியலைப் பேச வந்து உங்களைப் பேசிட்டேன்க்கா, அது என் தப்பு' என்பது போதும்.

கேள்வி: வெறும் சீரியலுக்கு இவ்வளவு வாக்குவாதம் தேவையா? (வாசகர், மொரப்பூர்)

பதில்: சொத்துப் பிரிப்பது, நகையை அடகு வைப்பது, மகள் வேலைக்குப் போவது, மாமனார் மருத்துவச் செலவை எந்த மகன் ஏற்பது என்று வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாததையெல்லாம் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பேசிவிடலாம். அதனால் தேவைதான். நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் ஏரியாவில் எல்லோரும் ஒரே தொடர்தான் பார்க்கிறோம். அதில் வில்லனாக நடிப்பவரின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் போய்த் திட்டி எழுதுவது சிலருக்கு வாடிக்கை. 'அவ்வளவு நல்லா நடிச்சதாலதானே திட்டுறோம், அது பாராட்டுதான்' என்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்ன சொல்லி மறுப்பது? (வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: உங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தைக் காட்டி மறுக்கலாம். துரியோதனன் படுகளத்தன்று களத்தில் மண்ணால் பெரிய உருவம் செய்து படுக்கவைத்து, அதன் தொடையில் அடி விழும்போது ஊரே கூடி நின்று பார்க்கிறது. அதுவரை அவன் செய்த அநியாயத்துக்கு எத்தனை சாபம் விழுந்திருக்கும்! ஆனால் வேஷத்தைக் கலைத்து, முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு வருகிற கலைஞரிடம் யாரும் பாஞ்சாலியின் சேலைக்குக் கணக்குக் கேட்பதில்லை. கூத்துப் பார்த்துப் பழகிய ஊருக்கு இந்தப் பாகுபாட்டை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கைப்பேசியில் அரிதாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

2022-ல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இதற்கு நல்ல உதாரணம். பெண்களை அடக்கி ஆளும் அந்தப் பாத்திரத்தை வீடுதோறும் கரித்துக் கொட்டினார்கள், நடிப்பை அதே வீடுகள்தான் கொண்டாடின. 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது வருந்தியவர்களும் அவர்களே. வெறுப்பையும் பாராட்டையும் குழப்பாமல் வைத்துக்கொள்ள ரசிகர்களுக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. எழுதிய வாக்கியத்தில் பாத்திரத்தின் பெயரை எடுத்துவிட்டு நடிகரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். 'குணசேகரன் பெண்களை மதிக்கத் தெரியாதவன்' என்பது விமர்சனம். அதே வரியில் நடிகர் பெயர் வந்தால் ஒரு மனிதரைப் பற்றிய பொய்யாகிவிடுகிறது. அதனால் பாத்திரத்தின் பெயரைச் சொல்லாமல் 'இவன்', 'இந்த ஆளு' என்று மொட்டையாக எழுதுவதைத் தவிருங்கள், யாரைச் சொல்கிறீர்கள் என்பதே அதில் மறைந்துபோகிறது. நடிப்பைக் குறைசொல்லத் தாராளமாக உரிமை உண்டு. 'அழுகிற காட்சியில் முகம் மாறுகிறது, குரல் மாறவில்லை' என்று எழுதுங்கள். நிறம், உடம்பு, சாதி, சொந்தக் குடும்பம் நான்கும் நடிப்பு விமர்சனத்தில் வராது.

கேள்வி: 'எங்க சீரியல்தான் டி.ஆர்.பி.யில் நம்பர் ஒன், அதனால அதுதான் நல்ல சீரியல்' என்று என் அண்ணன் மகன் தினமும் ஒரு படத்தைக் காட்டுகிறான். அந்த எண்களை நம்பலாமா? (வாசகர், ஊத்தங்கரை)

பதில்: எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அவனிடம் பேசுவது சுலபம். இந்தியாவில் இதை அளப்பது 'பார்க்' என்ற அமைப்பு. ஒளிபரப்பாளர்கள், விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள், விளம்பர ஏஜென்சிகள் மூவரும் சேர்ந்து நடத்துவது. 2015 முதல் எண்களை வெளியிட்டுவருகிறது. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனலின் ஒலியோடு நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்து வரும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். பார்க்க உட்காரும் ஒவ்வொருவரும் தனி ரிமோட்டில் தனக்கான பொத்தானை அழுத்த வேண்டும். மீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்பது ரகசியம்.

இதிலிருந்தே சில விஷயங்கள் தெளிவாகும். கணக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளியன்று முடியும். எண் அடுத்த வியாழக்கிழமைதான் வரும். ஆகவே 'நேத்து எபிசோட் டி.ஆர்.பி.' என்று காலையில் வருகிற படத்தை அப்படியே தள்ளிவிடலாம். கைப்பேசியில் ஓ.டி.டி.யிலும் யூடியூபிலும் பார்த்தது இந்த மீட்டரில் ஏறாது. டீக்கடை டிவியில் பத்துப் பேர் நின்று பார்த்ததும் ஏறாது. இளைஞர்கள் அதிகம் பார்க்கும் தொடருக்கு எண் குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

அடுத்து ஒப்பிடும் முறை. அண்ணன் மகன் காட்டும் படத்தில் எந்த வாரம், எந்தச் சந்தை, எந்த அலகு என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு–புதுச்சேரி முழுவதற்கான எண்ணை நகரத்துக்கு மட்டுமான எண்ணோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஒன்று சதவீதத்தில், இன்னொன்று சராசரி நிமிடப் பார்வையாளர் ஆயிரங்களில் இருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. இரவு ஒன்பது மணித் தொடரையும் மதியம் ஒரு மணித் தொடரையும் மோதவிடுவதும் நியாயமில்லை. ஐ.பி.எல். நடக்கும் வாரம், பொங்கல் படங்கள் போட்ட வாரம், இரண்டு தொடர்களை இணைத்து ஒரு மணி நேரம் ஓட்டிய 'மகா சங்கமம்' வாரம் எல்லாம் எண்ணைத் தூக்கியோ தாழ்த்தியோ காட்டும். குறைந்தது நாலு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் ஏறியதற்கும் இறங்கியதற்கும் வெடி வெடிக்க வேண்டியதில்லை, மாதிரிக் கணக்கில் அந்த அளவு ஆட்டம் சகஜம்.

எல்லாம் சரியாகவே இருந்தாலும் அந்த எண் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு. பாலக்கோடு மார்க்கெட்டில் இன்றைக்குத் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தது என்றால், இன்றைய தக்காளி நேற்றையதைவிட ருசி என்று யாராவது சொல்வோமா?

கேள்வி: ஓசூரில் எங்கள் லைன் வீடுகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறோம். இரண்டாம் ஷிப்ட் போகிறவர்கள் இரவு சீரியல் பார்க்க முடிவதில்லை. அவர்கள் பார்ப்பதற்குள் கதையை உடைத்துவிடுகிறார்கள். போதாததற்கு, 'உங்க சீரியல் எங்க மொழியிலேர்ந்து எடுத்தது' என்ற சண்டை வேறு. (வாசகி, ஓசூர்)

பதில்: முதலில் ஷிப்ட். ஒளிபரப்பு முடிந்து 24 மணி நேரம் வரை கதையை வெளியே பேசுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருபவர் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் ஓ.டி.டி.யில் பார்த்துவிடலாம். சனிக்கிழமை எபிசோடுக்கு மட்டும் திங்கள் இரவுவரை தவணை கொடுங்கள், ஞாயிறு ஊருக்குப் போகிறவர்கள் அதிகம்.

வாட்ஸ்அப்பில் பேசியே ஆகவேண்டும் என்றால் முதல் வரியில் தொடரின் பெயர், தேதி, 'கதை இருக்கு' என்ற மூன்றையும் போடுங்கள். அதற்குக் கீழே வரிக்கு ஒரு புள்ளியாக நிறைய இறக்கிவிட்டு, அதற்கப்புறம் விஷயத்தை எழுதுங்கள். செய்தி மிக நீளமானதும் கைப்பேசி தானாகவே மடித்து 'மேலும் படிக்க' என்று காட்டும். எத்தனை வரியில் மடிகிறது என்பது செய்தியின் நீளத்தைப் பொறுத்தது, ஒருமுறை உங்களுக்கே அனுப்பிச் சரிபாருங்கள். பத்துப் புள்ளியோடு நிறுத்தினால் எல்லாமே வெளியே தெரியும். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு அதுதான். படம் போடுவதானால் 'ஒருமுறை மட்டும் பார்' என்ற வசதியில் போடுங்கள், சாதாரணமாகப் போட்டால் திறக்காமலே கல்யாணமா கருமாதியா என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு 'நான் குரூப்ல சொல்லலையே' என்று வாதாடுகிறவர்களுக்கு மன்னிப்பே கிடையாது.

மொழிச் சண்டைக்கு வருவோம். எந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பது கருத்தே இல்லை, தகவல். தகவலுக்குச் சண்டை எதற்கு? விஜய் டிவியில் 2023-ல் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை' தமிழில் எழுந்த கதை. அதுதான் கன்னடத்தில் 'ஆசே', தெலுங்கில் 'குண்டெ நிண்டா குடிகண்டலு'. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' இங்கே பிறந்து தெலுங்கில் 'வதினம்மா', மலையாளத்தில் 'சாந்த்வனம்' என்று போனது. ஆனால் 'பாக்கியலட்சுமி'க்கு மூலம் வங்காளத்து 'ஸ்ரீமோயி'. கொடுத்ததும் உண்டு, வாங்கியதும் உண்டு.

உங்கள் லைனில் தமிழ் பார்ப்பவர் கதையில் முன்னால் போயிருப்பார், கன்னடம் பார்ப்பவர் பின்னால் வருவார். அதனால் அவர்களுக்கு 24 மணி நேர விதி போதாது. அவர்கள் அந்த இடத்துக்கு வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது அண்டை வீட்டுத் தர்மம். இன்னொன்றும் உண்டு. மறு ஆக்கம் சில மாதங்களில் தன் வழியில் விலகிப் போய்விடும். ஆகவே 'தமிழ்ல இவன்தான் கெட்டவன், உங்களுதுலயும் இவன்தான்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், அங்கே அவனை நல்லவனாக்கியிருப்பார்கள். மறுப்பதை 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ ஆரம்பியுங்கள். அந்த இரண்டு சொல்லும் மூன்று மொழிக்கும் பொது.

கேள்வி: தர்மபுரி பஸ் ஸ்டாண்டு வட்டாரத் தோழிகள் சிலர் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சியைப் பேசுகிறோம். 'ஆகா, நடுவர் தீர்ப்பு அமோகம்!' என்று நான் கிண்டலாகப் போட்டதை நிஜப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். (ஆசிரியை, தர்மபுரி)

பதில்: உங்கள் ஊருக்கு இதில் பெரிய பாரம்பரியம் உண்டு. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்தே அவை போரையே காணாதவை என்று உணர்த்தினார். ஆனால் ஔவை நேரில் நின்று பேசினார். எதிரே இருந்தவனுக்கு முகமும் தெரிந்தது, குரலும் கேட்டது. எழுத்தில் கிண்டலின் குரல் வராது, படிப்பவர் அன்றைக்கு இருக்கும் மனநிலையின் குரலில்தான் அதைப் படிப்பார். பக்கத்தில் சிரிக்கிற பொம்மை போட்டால் இன்னும் மோசம், தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைப்பார்.

கிண்டல் செய்தே தீரவேண்டும் என்றால் முப்பது நொடி குரல்பதிவாக அனுப்புங்கள். எழுத்தில் என்றால் நேரடியாக, 'மூணாவது சுற்றில் சுருதி விலகினவருக்கு அதிக மதிப்பெண் கொடுத்தது சரியில்லைன்னு எனக்குத் தோணுது' என்று எழுதுங்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஆனால் யாராவது பதில் போட்டபிறகு திருத்தினால் பதில் போட்டவர் பைத்தியக்காரராகத் தெரிவார். அப்போது திருத்தாமல் கீழே விளக்கம் எழுதுவதே மரியாதை.

கேள்வி: பிக் பாஸில் கமல் சாரா, விஜய் சேதுபதியா என்று எங்கள் விடுதியில் ஓயாத சண்டை. வாக்கெடுப்பு நடத்தி முடித்துவிடலாமா? (மாணவர், பர்கூர்)

பதில்: வாக்கெடுப்பு நடத்தினால் உங்கள் விடுதியில் யாருக்கு ரசிகர் அதிகம் என்று தெரியும். கேள்வி அதுவல்லவே.

2017 ஜூனில் தொடங்கியதிலிருந்து ஏழு சீசன்கள் கமல்ஹாசன், 2024 அக்டோபரில் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி. ஏழு சீசன் அனுபவத்தை முதல் சீசனோடு ஒப்பிடுவது எப்படி நியாயம்? ஒப்பிடுவதென்றால் கமலின் முதல் சீசன், சேதுபதியின் முதல் சீசன் என்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வார இறுதி எபிசோட்கள் போதும். பார்ப்பதற்கு முன்பே எதைக் கவனிப்பது என்று எழுதி வையுங்கள். அந்த வாரம் நடந்த விதிமீறலை நேரடியாகக் கேட்டாரா, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல விட்டாரா, எத்தனை போட்டியாளர்கள் வாய் திறந்தார்கள், தொகுப்பாளர் எவ்வளவு நேரம் தானே பேசினார். அளவுகோலைப் பார்த்து முடித்தபிறகு எழுதினால் அவரவர் தலைவர் ஜெயிக்கிற மாதிரிதான் எழுதுவீர்கள்.

போட்டியாளர்களைப் பற்றியும் ஒன்று. ஒரு நாள் முழுக்க எடுத்ததில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் டிவிக்கு வருகிறது. 'அவர் செவ்வாய்க்கிழமை அந்த டாஸ்க்கில் ஏமாற்றினார்' என்று சொல்லலாம். 'அவர் ஏமாற்றுப் பேர்வழி' என்று சொல்ல மீதி இருபத்துமூன்று மணி நேரத்தையும் பார்த்திருக்க வேண்டும். சேனலுக்கு வந்த ஓட்டு எண்ணிக்கையைப் பொதுவில் வைப்பதில்லை. வெளியில் உலவும் கருத்துக்கணிப்புகளில் விருப்பமுள்ளவர்கள் மட்டும், சிலர் பலமுறையும், ஓட்டுப் போடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு 'ஓட்டை மாத்திட்டாங்க' என்று முடிவுகட்ட முடியாது.

கேள்வி: இருநூறு பேர் உள்ள ரசிகர் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். யாரை எப்போது நீக்குவது? பிரச்சினை வந்தால் போலீஸ் என்னைப் பிடிக்குமா? (வாசகர், போச்சம்பள்ளி)

பதில்: கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக யாரையும் நீக்காதீர்கள். ஆளைத் தாக்கினால் முதல் முறை தனிச்செய்தியில் சொல்லுங்கள், குரூப்பில் வைத்துச் சொன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே இன்னும் கத்துவார். இரண்டாம் முறை குரூப்பில், அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டு. மூன்றாம் முறை நீக்கம், ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரலாம் என்ற அறிவிப்போடு. வாட்ஸ்அப்பில் ஓர் ஆளின் வாயை மட்டும் மூட வழியில்லை. எல்லோரும் கொந்தளிக்கிற இரவில் 'அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்' என்று மாற்றிவிட்டுக் காலையில் திறந்துவிடுங்கள். நீங்கள் ஒருவரே அட்மினாக இருக்காதீர்கள். எதிரெதிர்த் தொடர்களின் ரசிகர்களாக மூன்று பேர் இருந்தால் ஓரவஞ்சனை என்ற பேச்சு எழாது.

இன்னொருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்தார் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் கூறியிருக்கிறது. நீங்களும் உடந்தை என்றால் கதை வேறு. மிரட்டலோ, பெண் உறுப்பினரின் படத்தை ஒட்டுப்போட்டு அனுப்புவதோ நடந்தால் இந்த மூன்று எச்சரிக்கைக் கணக்கெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே நீக்கம். ஆனால் அவசரத்தில் 'எல்லோருக்கும் அழி' என்று அழுத்திவிடாதீர்கள், சாட்சியும் சேர்ந்து போய்விடும். எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்துவிட்டு அழியுங்கள். புகார் கொடுக்க மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு, குரூப்பின் முடிவல்ல.

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் படிப்பகத்தில் ஒரு தொடரை வைத்துப் பட்டிமன்றம் நடத்த ஆசை. ஆனால் போன முறை அடிதடி ஆகும் நிலைக்குப் போனது. (இளைஞர், பென்னாகரம்)

பதில்: தலைப்பிலேயே பாதி விஷயம் இருக்கிறது. 'சிறந்த தொடர் எது?' என்று வைத்தால் இரண்டு ரசிகர் படைதான் வரும். ஒரே தொடருக்குள் தலைப்பை எடுங்கள். 'அண்ணன் கடையை எழுதிக்கொடுத்தது பாசமா, ஏமாளித்தனமா?' என்பதுபோல. இரண்டு பக்கமும் ஒரே கதையை நேசிப்பவர்களாக இருப்பார்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். நடுவர் முன்னுரை 3 நிமிடம். அணிக்கு மூவர், ஆளுக்கு 3 நிமிடம், மொத்தம் 18. அணிக்கு 4 நிமிடம் குறுக்குக் கேள்வி, மொத்தம் 8. பார்வையாளரிடம் துண்டுச் சீட்டில் கேள்வி வாங்கி, பத்தைப் பொறுக்கி, சீட்டுக்கு ஒரு நிமிடம். தீர்ப்பு 5 நிமிடம். எல்லாம் சேர்த்து 44 நிமிடம், கரும்பு கடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். மைக்கைக் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள். போன முறை அங்கேதான் கைமீறியிருக்கும், பெரும்பாலும் எல்லா ஊரிலும் அங்கேதான் கைமீறுகிறது. மணி அடிப்பவர் நடுவரின் உறவினராக இருக்கக் கூடாது.

பேசுகிறவர்கள் அணியைத் தாங்களே எடுக்க வேண்டாம். ஐந்து நாள் முன்னால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தான் நம்பாத பக்கத்துக்கு வாதாட வேண்டியவர் எபிசோடை இரண்டாம் முறை பார்ப்பார், அப்போதுதான் வசனங்கள் காதில் விழும். ஆளுக்குக் குறைந்தது இரண்டு காட்சிகளைத் தேதியோடு சொல்ல வேண்டும், சொல்லாதவருக்கு மதிப்பெண் இல்லை. தீர்ப்பில் நடுவர் எந்த வாதம் தன் எண்ணத்தை மாற்றியது என்று சொல்லட்டும். 'இரண்டும்தான்' என்று வழுக்கும் தீர்ப்பைக் கேட்கவா அவ்வளவு பேர் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேள்வி: ஒரு பாத்திரத்துக்கு நடிகையை மாற்றிவிட்டார்கள். 'பழையவங்கதான்' என்று ஒரு கோஷ்டி, 'புதுசுக்கு வாய்ப்புக் கொடுங்க' என்று ஒரு கோஷ்டி. (வாசகி, அரூர்)

பதில்: இருபது எபிசோட்வரை தீர்ப்பை ஒத்திவையுங்கள். முதல் வாரத்தில் நாம் புதியவரின் நடிப்பைப் பார்ப்பதில்லை, பழையவர் இல்லாததைத்தான் பார்க்கிறோம். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபிறகு காவ்யா அறிவுமணி அந்த இடத்துக்கு வந்தார். ரசிகர்களின் துக்கம் ஆறாத நேரத்தில் வந்து நிற்பவரிடம் ஒப்பீடு பேசுவது எவ்வளவு கடினம் என்று அப்போது பார்த்தோம். குரலையும் கவனியுங்கள். தொடர்களில் பலருக்குப் பின்னணிக் குரல் வேறொருவர்தான். முகம் மாறி, குரல் கலைஞர் மாறாமல் இருந்தால் மனசு சீக்கிரம் ஒப்புக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மாறினால் நாள் பிடிக்கும். 'புதியவர் ஒட்டவில்லை' என்கிற கோஷ்டி, ஒட்டாதது முகமா குரலா என்று ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கட்டும்.

(அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புவோர் தொடரின் பெயரோடு ஒளிபரப்பான தேதியையும் காட்சியையும் தவறாமல் எழுதவும். புரொமோவை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய கடிதங்கள் எபிசோட் வரும்வரை எங்கள் மேசையிலேயே காத்திருக்கும்.)